திருவருகைக் காலப் பாடம் எடுக்கப்போகிறவர்களுக்கு: கிறிஸ்துவின் வருகையைக் குறித்த கடின வசனங்களைத் தயாரிக்கும் முறை

எங்கள் சேகரத்து உபதேசியாருக்கு உடல்நலம் இல்லாமற்போன ஒரு வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து நான்கு வாரமும் வீட்டு ஜெபக்கூட்டங்களில் மத்தேயு 24ஆம் அதிகாரத்தைப் பாடமாக எடுக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பல வருடம் கதை சொன்ன தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். அத்திமரம் என்றால் இஸ்ரவேல் தேசம், அது 1948இல் தனி நாடாகித் துளிர்த்துவிட்டது, அதைக் கண்ட சந்ததி ஒழிவதற்குள் எல்லாம் நடந்தேறிவிடும் என்று, எப்போதோ ஒரு கன்வென்ஷன் பந்தலில் கேட்டதை முதல் கூட்டத்திலேயே அப்படியே ஒப்பித்தேன். திண்ணை ஓரமாக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, அது இருக்கட்டும். இங்கே நிக்கிறவங்கள்ல சிலபேரு சாகிறதுக்கு முந்தியே மனுஷகுமாரன் வர்றதைப் பாப்பாங்கன்னு பதினாறாம் அதிகாரத்துல போட்டிருக்கே, அந்தச் சிலபேரு யாரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சுக்குக்காப்பி வரும்வரை யாரும் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு தொடங்கி அடுத்த வருடத் திருவருகைக் காலம் வரை நான் பட்ட பாட்டின் பலன் கீழே உள்ளது. இறையியல் கல்லூரிக்குப் போகாத, ஆனால் ஊரில் பாடம் எடுக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிற உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். எந்தச் சபையின் கொள்கை சரி என்று தீர்ப்பது இதன் வேலை அன்று. உங்கள் சேகர குருவானவரிடம் போய் நிற்கும்போது கையில் ஒழுங்கான கேள்விகளோடு போக வேண்டும், அவ்வளவுதான்.

1. மேசைமேல் இருக்க வேண்டியவையும் ஆகும் செலவும்

முதலாவது தேவை, நம் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதல் வேதாகமம். அதிலும் ஓரத்தில் இணைவசனங்கள் அச்சிட்ட பதிப்பு. அநேகமாக உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கும். தாத்தா காலத்துப் பிரதியானாலும் அதையே எடுங்கள், ஏனெனில் இணைவசனக் குறிப்பு இல்லாத கையடக்கப் பதிப்பு இந்த வேலைக்கு உதவாது. இரண்டாவது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். கத்தோலிக்க அயல்வீட்டார் யாரிடமாவது ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். எனக்குத் தந்த அக்கா, திரும்பக் கொடுக்கும்போது படித்ததைத் தங்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு தந்தார்கள். மூன்றாவது, ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடித்தரும் ஒத்துவாக்கிய அகராதி. இதை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, கைபேசியில் இருக்கும் இலவச வேதாகமச் செயலியில் சொல்லைத் தட்டினால் போதும்.

மற்றபடி, மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 ஆகிய மூன்று அதிகாரங்களைப் பெரிதாக்கி ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வண்ணப் பென்சில்கள், சாதாரணப் பென்சில் ஒன்று, கோடுபோட்ட நோட்டு ஒன்று. எனக்கு எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

அதற்கு முன் நான் செய்த வீண்செலவையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காலத்து நிகழ்ச்சிகளை வண்ண வண்ணக் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் போட்டிருந்த ஒரு தடித்த புத்தகத்தை எண்ணூற்றுச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். அதில் எல்லாக் கேள்விக்கும் விடை இருந்தது, தமிழாசிரியர் கேட்ட கேள்விக்குத் தவிர. விளக்கவுரை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஐந்தாம் படி முடியும்வரை வாங்காதீர்கள். அதன் பிறகு கடையில் நின்றபடியே மத்தேயு 16:28, 24:34 என்ற இரண்டு வசனங்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகளைச் சொல்லி, தான் ஏன் ஒன்றைத் தேர்ந்துகொண்டார் என்று ஆசிரியர் காரணம் காட்டியிருந்தால் வாங்கலாம்.

2. நாட்கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

திருவருகையின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்த வருடமும் வந்துவிடும். அதிலிருந்து ஆறு வாரம் பின்னால் எண்ணினால் அக்டோபர் நடுப்பகுதி. அதுதான் நீங்கள் தொடங்க வேண்டிய நாள். முதல் இரண்டு வாரம் வாசிப்பதற்கும் வண்ணம் தீட்டுவதற்கும், அடுத்த இரண்டு வாரம் சொற்களையும் பழைய ஏற்பாட்டையும் பார்ப்பதற்கும், ஐந்தாம் வாரம் குருவானவரைச் சந்திப்பதற்கும், கடைசி வாரம் எழுதிச் சுருக்குவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வாரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கீதபவனிக்கும் பிள்ளைகளின் நாடக ஒத்திகைக்கும் நடுவில் குருவானவரான ஐயரவர்களைப் பிடிப்பது நடக்காத காரியம். பிசானப் பருவ நெல் நடவும் வடகிழக்கு மழையும் இந்த வாரங்களிலேயே வருவதால், மின்சாரம் போனாலும் கையில் இருக்கும்படி குறிப்புகளை நோட்டிலேயே எழுதுங்கள். நான் கைபேசியில் வைத்திருந்த மூன்று நாள் உழைப்பு, மழையில் நனைந்த கைபேசியோடு போய்விட்டது.

3. மூன்று அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்

ஒலிவமலையில் இயேசு சீஷர்களிடம் பேசிய இந்தப் பேச்சை மூன்று சுவிசேஷகரும் எழுதியிருக்கிறார்கள். மூன்று தாள்களையும் வரிசையாக ஒட்டி, ஒரே கருத்து வரும் இடங்களைக் கோடிட்டு இணைத்துக்கொண்டே போனால், விளக்கவுரை சொல்லித்தர வேண்டிய பாதியைச் சுவிசேஷங்களே சொல்லித்தந்துவிடும்.

ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். மத்தேயு 24:15, "பாழாக்குகிற அருவருப்பைக்குறித்து" தானியேல் சொன்னதைக் கூறி, "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்று முடிகிறது. மாற்கு 13:14ம் அப்படியே. இந்த இரண்டை மட்டும் வாசிக்கிறவருக்கு இது பெரும் புதிர். இதைப் பற்றித்தான் ஆயிரம் ஊகங்கள் உலவுகின்றன. அதே இடத்தில் லூக்கா 21:20 என்ன சொல்கிறது? "எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை நீங்கள் காணும்போது, அதின் அழிவு சமீபமாயிற்றென்று அறியுங்கள்." தானியேலின் மொழி பழகாத வாசகருக்காக லூக்கா அந்தப் புதிரை அவிழ்த்தே எழுதியிருக்கிறார். கி.பி. 66இல் தொடங்கிய யுத்தத்தில் ரோமச் சேனை எருசலேமை வளைத்தது, கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் தலைமையில் நகரமும் தேவாலயமும் அழிந்தன. இயேசு இதைச் சொன்னது ஏறக்குறைய கி.பி. 30இல். இடையில் நாற்பது வருடம்.

"யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகக்கடவர்கள்" என்பதும், ஓடிப்போவது மாரிகாலத்திலோ ஓய்வுநாளிலோ சம்பவியாதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்பதும், வீட்டின்மேல் இருக்கிறவன் சாமான் எடுக்க இறங்க வேண்டாம் என்பதும் இதன் தொடர்ச்சி. வெளிப்படி வைத்த மொட்டைமாடி வீடுகளும், ஓய்வுநாளில் பயணம் செய்யத் தடையும் இருந்த ஒரு குறிப்பிட்ட நாட்டின் மக்களுக்குச் சொன்ன அவசர அறிவுரை இது. அங்கிருந்த கிறிஸ்தவர்கள் யுத்தத்துக்கு முன்பே யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நான்காம் நூற்றாண்டின் யூசேபியு எழுதியிருக்கிறார். உலகம் முழுவதும் ஒரே நாளில் முடிவதாக இருந்தால் மலைக்கு ஓடி என்ன பயன்? எளிய கேள்விதான்; ஆனால் நான் அந்த அதிகாரத்தைச் சிறுவயது முதல் கேட்டும் ஒரு முறையும் கேட்டுக்கொண்டதில்லை.

4. எந்தக் கேள்விக்கு எந்த வசனம் என்று பிரியுங்கள்

இதுதான் முழு வேலையின் அச்சாணி. ஒரு வாரம் ஆனாலும் இந்தப் படியிலேயே இருங்கள்.

தேவாலயக் கட்டடங்களைக் காட்டிய சீஷர்களிடம், "ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு" இடிக்கப்படும் என்று இயேசு சொன்னார். அதைக் கேட்டவர்கள் மலைமேல் வந்து கேட்ட கேள்வி மத்தேயு 24:3இல் உள்ளது: "இவைகள் எப்போது சம்பவிக்கும்? உம்முடைய வருகைக்கும், உலகத்தின் முடிவுக்கும் அடையாளம் என்ன?" எண்ணிப் பாருங்கள்: ஆலயம் இடிவது ஒன்று, வருகையும் முடிவும் மற்றொன்று. ஆலயம் இடிந்தால் உலகமும் முடிந்தது என்றே அந்த யூதப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்கள். மாற்கு 13:4இலும் லூக்கா 21:7இலும் பார்த்தால் வருகை என்ற சொல்லே கேள்வியில் கிடையாது. ஆலயத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள்.

ஆகவே தாளில் ஒவ்வொரு வசனத்துக்கும் வண்ணம் கொடுங்கள். ஆலயத்தையும் எருசலேமையும் பற்றியது சிவப்பு. மனுஷகுமாரனுடைய (இயேசு தம்மையே அப்படிச் சொல்வார்) அந்த நாளைப் பற்றியது நீலம். எல்லாக் காலத்துக்கும் பொதுவாகச் சொன்னது (யுத்தம், பஞ்சம், கள்ளத் தீர்க்கதரிசி, சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுவது) பச்சை. தீர்மானிக்க முடியாதது சாதாரணப் பென்சில்.

வண்ணம் தீட்டும்போது கைகொடுக்கும் ஒரு சிறு அடையாளம் உண்டு. 24:34இல் "இவைகளெல்லாம் சம்பவிக்கும் முன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்கிறார். இரண்டு வசனம் தள்ளி 24:36இல் "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்கிறார். "இவைகள்" என்பது பன்மை, அருகில் உள்ளது. சீஷர்கள் "இவைகள் எப்போது" என்று கேட்ட அதே சொல். "அந்த நாள்" ஒருமை, தூரத்தில் உள்ளது. முன்னதற்கு ஒரு தலைமுறைக்குள் என்று எல்லை உண்டு, அடையாளமும் உண்டு, ஓடித் தப்பவும் வழி உண்டு. பின்னதற்குத் தேதியும் இல்லை, அடையாளமும் இல்லை. நோவாவின் நாட்களைப்போல ஜனங்கள் புசித்துக் குடித்துக்கொண்டிருக்கையில் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

என் தாளில் மத்தேயு 24:15 முதல் 20 வரையும் லூக்கா 21:20 முதல் 24 வரையும் தெளிவான சிவப்பு. 24:36 முதல் அதிகாரக் கடைசி வரை தெளிவான நீலம். 24:29 முதல் 31 வரை பென்சில். அதை ஆறாம் படியில் எடுப்போம்.

கூட்டத்தில் இதை விளங்கவைக்க நம் ஊர் மலையே போதும். மழை ஓய்ந்த காலையில் பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் பொதிகை மலைத்தொடர் ஒரே நீலச் சுவராகத் தெரியும். பாபநாசம் தாண்டிக் காரையாறு வரை ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் முன்மலைக்கும் பின்மலைக்கும் இடையில் எவ்வளவு பள்ளத்தாக்கு இருக்கிறது என்று தெரியும். தீர்க்கதரிசிகள் தூரத்திலிருந்து பார்த்தார்கள் என்று போதகர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் விளக்கம் இது, நானாகக் கண்டுபிடித்ததன்று. ஆனால் இதை எல்லா வசனத்துக்கும் மருந்தாகப் பூசாதீர்கள். புரியாத ஒவ்வொன்றையும் "அது பின்மலை" என்று தள்ளிவிடும் ஆசை வரும், எனக்கும் வந்தது.

5. சொற்களைச் சோதியுங்கள்

நாம் வாசிப்பது மொழிபெயர்ப்பு என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுவார்கள். இரண்டு தமிழ் வேதாகமங்களையும் அருகருகே வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

"சந்ததி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பேச்சில் சந்ததி என்றால் வாரிசு, வம்சம்; "ஆபிரகாமின் சந்ததி" என்று பாடிப் பழகிய காதுக்கு, "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்பது யூத இனம் அழியாது என்று கேட்கும். அதே வசனத்தில் திருவிவிலியம் "தலைமுறை" என்று போட்டிருக்கிறது. மூலத்தில் இருப்பது கெனேயா என்ற கிரேக்கச் சொல். மத்தேயு 1:17இல் "ஆபிரகாம்முதல் தாவீதுவரைக்கும் பதினாலு தலைமுறைகளும்" என்று பழைய திருப்புதலே தலைமுறை என்று மொழிபெயர்த்திருப்பதும் அதே சொல்லைத்தான். இனி செயலியில் "இந்தச் சந்ததி" என்று தேடுங்கள். "இந்தச் சந்ததியை யாருக்கு ஒப்பிடுவேன்" (11:16), "இவைகளெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும்" (23:36) என்று வரும் இடங்களில் எல்லாம் இயேசு தம் முன்னால் நின்ற மக்களைத்தான் சொல்கிறார். 23:36க்கும் 24:34க்கும் நடுவே ஓர் அதிகாரம்கூட முழுதாக இல்லை. இனம் என்று கொள்பவர்களும், அவிசுவாசமான மனிதர் வகை என்று கொள்பவர்களும், அடையாளங்களைக் காணப்போகும் கடைசித் தலைமுறை என்று கொள்பவர்களும் உண்டு. அவர்களில் மெத்தப் படித்தவர்களும் உண்டு. நான் கேட்டுக்கொண்டிருந்த தலைமுறை என்றே கொள்கிறேன், ஏனென்றால் மத்தேயு வேறெங்கும் அந்தச் சொற்றொடரை வேறு பொருளில் வழங்கவில்லை.

இரண்டாவது, வயலில் இருக்கும் இருவரைப் பற்றிய 24:40. பழைய திருப்புதலில் "ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்." ஏற்றுக்கொள்ளப்படுவது நல்லது, கைவிடப்படுவது கெட்டது என்று தமிழே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. திருவிவிலியத்தில் "எடுத்துக்கொள்ளப்படுவார்", "விட்டுவிடப்படுவார்" என்று இருக்கிறது. அங்கே தீர்ப்பு இல்லை. முந்தின வசனத்தில் வெள்ளம் "அனைவரையும் வாரிக்கொண்டுபோகுமட்டும்" என்று சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், எடுக்கப்படுகிறவன் அழிகிறவனா பிழைக்கிறவனா என்பதே கேள்வியாகிவிடும். நோவாவின் கதையில் விடப்பட்டவர்தான் பிழைத்தார். இதைக் கூட்டத்தில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். "நான் முடிவு சொல்லவில்லை, இரண்டு புத்தகத்தையும் நீங்களே வாசியுங்கள்" என்று கையில் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று சிறியது, ஆனால் கேள்வி வரும். "குமாரனும் அறியார்" என்பது பழைய திருப்புதலில் மாற்கு 13:32இல் இருக்கிறது, மத்தேயு 24:36இல் இல்லை. திருவிவிலியத்தில் இரண்டிலும் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் பயன்படுத்திய கிரேக்கப் பிரதிகள் வேறானதால் வந்த வித்தியாசம் இது. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்று வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

6. சூரியன் இருளும் வசனத்துக்கு முன் ஏசாயாவுக்குப் போங்கள்

"அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே, சூரியன் அந்தகாரப்படும், சந்திரன் ஒளியைக் கொடாது" என்று 24:29 சொல்கிறது. முடிந்தவுடனே என்கிறார்; கி.பி. 70க்குப் பின் சூரியன் இருளவில்லையே என்று கேட்பார்கள். ஓரத்து இணைவசனத்தைப் பிடித்துக்கொண்டு ஏசாயா 13:10க்குப் போனால் ஏறக்குறைய இதே சொற்கள் இருக்கும். அந்த அதிகாரத்தின் முதல் வசனம் அது பாபிலோன்மேல் வரும் பாரம் என்கிறது. பாபிலோன் விழுந்தது, வானம் இருந்த இடத்தில்தான் இருந்தது. எசேக்கியேல் 32:7இலும் இதே மொழி, அங்கே எகிப்தைப் பற்றி. ஒரு ராஜ்யம் கவிழ்வதைத் தீர்க்கதரிசிகள் வானமே கவிழ்வதாகப் பாடினார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது புரியாமற்போகாது. மன்னன் மறைந்தால் ஞாயிறு மறைந்தது என்று பாடிய மரபு நமக்கும் உண்டு.

மேகங்கள்மேல் வருவதற்கும் இதே வழி. தானியேல் 7:13இல் மனுஷகுமாரனுடைய சாயலானவர் மேகங்களுடனே வருகிறார். ஆனால் எங்கே வருகிறார் என்று விரலை வைத்து வாசியுங்கள். "நீண்ட ஆயுசுள்ளவரிடமட்டும் வந்தார்." பூமிக்கு இறங்கவில்லை, தேவனுடைய சிங்காசனத்துக்குப் போய் ராஜரிகம் பெறுகிறார். பிரதான ஆசாரியனிடம், மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதை "இதுமுதல் காண்பீர்கள்" என்று மத்தேயு 26:64இல் இயேசு சொன்னது இந்தப் பின்னணியில் வேறு ஒலியோடு கேட்கிறது.

இதனால் 24:29 முதல் 31 வரை முழுவதும் எருசலேமின் வீழ்ச்சிக்கும் கிறிஸ்து ஆளுகை பெற்றதற்கும் உரியது என்பவர்கள் உண்டு. இல்லை, லூக்கா 21:24இல் "புறஜாதியாரின் காலம்" என்ற நீண்ட இடைவெளியைச் சொல்லிவிட்டு அதன்பிறகே வானத்து அடையாளங்கள் வருவதால், இது கடைசி வருகையே என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனாலும் பென்சில் குறியை அழிக்கவில்லை. எச்சரிக்கை ஒன்று: எல்லாமே கி.பி. 70இல் முடிந்துவிட்டது என்று போகாதீர்கள். "அப்படியே மறுபடியும் வருவார்" என்று அப்போஸ்தலர் 1:11 சொல்வதையும், நாம் ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவதையும் அதனோடு பொருத்த முடியாது.

7. தனித்து நிற்கும் இரண்டு வசனங்கள்

தமிழாசிரியர் கேட்ட மத்தேயு 16:28க்கு வருவோம். "இங்கே நிற்கிறவர்களில் சிலர்" மனுஷகுமாரன் தம்முடைய ராஜ்யத்தில் வருவதைக் காணுமுன் மரணத்தை ருசிபார்ப்பதில்லை. இணை வசனமான மாற்கு 9:1, "தேவனுடைய ராஜ்யம் பலத்தோடே வருவதை" என்கிறது. அதிகார எண் உங்களை ஏமாற்றும். 28ஆம் வசனத்தில் நிறுத்தாமல் அடுத்த வரியை வாசியுங்கள். ஆறு நாளைக்குப் பின்பு பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூன்று பேரைமட்டும் மலைமேல் கூட்டிப்போகிறார், அவர்கள் முன்பாக மறுரூபமாகிறார். மூன்று சுவிசேஷங்களிலும் இந்த வாக்குக்கு அடுத்து வருவது இதே சம்பவந்தான். 2 பேதுரு 1:16 முதல் 18 வரை அந்த மலைக்காட்சியையே கர்த்தருடைய வருகைக்குச் சான்றாக எடுத்துச் சொல்கிறது. ஆறே நாளில் நடக்கப்போவதற்குச் சாகமாட்டார்கள் என்று சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்கள், உயிர்த்தெழுதலையோ பெந்தெகொஸ்தேயையோ எருசலேமின் வீழ்ச்சியையோ காட்டுவார்கள். நான் மறுரூப மலையில் தொடங்கி இவை எல்லாவற்றையும் ஒரே ராஜ்யத்தின் வருகையாகச் சொல்லுகிறேன்.

மத்தேயு 10:23 கடினமானது. "இஸ்ரவேலருடைய பட்டணங்களையெல்லாம் சுற்றிமுடியாது" அதற்குள் மனுஷகுமாரன் வருவார் என்கிறார். கி.பி. 70இன் நியாயத்தீர்ப்பு என்பது ஒரு விளக்கம். யூதருக்குச் சுவிசேஷம் சொல்லும் வேலை வருகைவரை முடியாது என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

8. வழக்கமாக விழும் குழிகள்

அத்திமரக் குழியில் நானே விழுந்தேன். அதிலிருந்து ஏற லூக்கா 21:29 ஒன்றே போதும்: "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்." அத்தி இஸ்ரவேல் என்றால் மற்றெல்லா மரங்களும் யார்? துளிர் விட்டால் வெயில்காலம் வருகிறது என்ற எளிய உவமை அது. 1948உடன் நாற்பதைக் கூட்டி 1988 என்றார்கள். அந்த வருடம் கடந்ததும் சந்ததியின் நீளத்தைச் சங்கீதம் 90:10ஐக் காட்டி எழுபது, எண்பது என்று இழுத்தார்கள். தேதி சொல்வது புது வியாதி அன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூரில் 1875இல் எழுந்த ஒரு கூட்டத்தார் ஆறு வருடத்தில், 1881இல், வருகை என்று காத்திருந்தார்கள். யாராவது கூட்டத்தில் வருடம் சொன்னால் அப்போஸ்தலர் 1:7ஐ வாசித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கணக்குப் போட்டு மறுக்க உட்கார்ந்தால் அன்றைய கூட்டம் அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது அழிவுகளை அடையாளமாக்குவது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்களெல்லாம் மிதந்தன. அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் "இதோ அடையாளம்" என்ற பேச்சு அதிகமாயிற்று. ஏரல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, "எங்க வீட்டுச் சொவத்துல தண்ணி நின்ன கோடு இன்னும் போகல தம்பி, அது அந்த அடையாளந்தானா, இல்ல நாங்க செஞ்ச பாவமா?" என்று கேட்டார்கள். மத்தேயு 24:6 முதல் 8 வரை வாசித்தேன்: "முடிவு உடனே வராது", "இவைகளெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்." பிறகு லூக்கா 13:4, சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு சொன்ன இடம். அதற்குமேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. அடையாளம் என்று முழங்கும்முன், அந்த வரிசையில் யார் வீட்டுச் சுவரில் கோடு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9. பாடம் எடுக்கும் நாளில்

பேச்சு இருபத்தைந்து நிமிடம், கேள்விக்கு இருபது நிமிடம். நான்கு வாரத்துக்கு நான்கு பகுதி: முதல் வாரம் இரண்டு கேள்விகள், இரண்டாம் வாரம் சிவப்பு, மூன்றாம் வாரம் பென்சில், நான்காம் வாரம் நீலம். நீலத்தைக் கடைசியில் வைக்கக் காரணம் உண்டு. "நான் உங்களுக்குச் சொல்லுகிறதை எல்லாருக்கும் சொல்லுகிறேன், விழித்திருங்கள்" என்று மாற்கு 13 முடிவதால், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வாதத்தோடு முடியாமல் ஜெபத்தோடு முடியும். ஒட்டிய தாளைச் சுவரில் மாட்டுங்கள். பின்வரிசைக்கும் வண்ணம் தெரியும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் யோவான் 21:23ஐ நினைத்துக்கொள்ளுங்கள். யோவான் மரிப்பதில்லை என்று ஒரு பேச்சு சகோதரருக்குள்ளே பரம்பியிருந்தது. இயேசு அப்படிச் சொல்லவில்லை, "நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால் உனக்கென்ன" என்றுதான் சொன்னார் என்று சுவிசேஷமே சொல்லுக்குச் சொல் திருத்துகிறது. வருகையைப் பற்றிய தவறான விளக்கம் முதல் நூற்றாண்டிலேயே வந்திருக்கிறது என்றால், நம் திண்ணையில் வருவதில் ஆச்சரியம் இல்லை. கேள்வியைக் கேட்டவர் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் சொல்லுகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி அடுத்த வாரம் சொல்லுங்கள்.

இரண்டாவது வருடம் தமிழாசிரியர் அதே திண்ணை ஓரத்தில் இருந்தார். மறுரூப மலையைப் பற்றி நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, ஆறு நாள்னா சிலபேருன்னு ஏன் சொல்லணும்?" என்றார். எழுதிக்கொண்டேன்.